நாதாப், அபியூ சம்பவத்தை வாலிபர்களுக்கு எப்படிச் சொல்வது?

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். கோத்தகிரி பக்கம் ஓர் எஸ்டேட் சபையில் வாலிபர் கூடுகை நடத்துகிறேன். பத்துப் பதினைந்து பேர்தான். பாதிப்பேர் வேலை முடிந்து ஸ்வெட்டரோடு நேரே வருகிறவர்கள். போன வாரம் லேவியராகமம் 10ஆம் அதிகாரத்தை எடுத்தேன், மாட்டிக்கொண்டேன்.

ஆசாரியனான ஆரோனின் மகன்கள் நாதாப், அபியூ இருவரும் கர்த்தர் கட்டளையிடாத அந்நிய அக்கினியைத் தூபகலசத்தில் கொண்டுபோய் மாண்டார்கள். இதை வாசித்ததும் ஒரு தம்பி, "அப்போ போதகரை எதிர்த்துக் கேள்வி கேட்டாலும் இப்படித்தானா அண்ணா?" என்றான். சட்டென்று பதில் வரவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தால், அங்கே மீறியவர்கள் ஜனங்கள் இல்லை, ஆசாரியர்களே. இன்னொன்றும் கண்ணில் பட்டது. மூன்றாம் வசனத்தில் வாயே திறக்காமல் இருந்த ஆரோன், அதிகாரக் கடைசியில் மோசேக்கே பதில் சொல்கிறான். ஆசாரியர்கள் சாப்பிடவேண்டிய பாவநிவாரணபலியைச் சாப்பிடாமல் எரித்துவிட்டதாக மோசே கோபிக்கிறான். இன்று எனக்கு இப்படி நேர்ந்திருக்க, நான் சாப்பிட்டால் கர்த்தருக்கு நன்றாயிருக்குமா என்கிறான் ஆரோன். மோசே ஒத்துக்கொள்கிறான்! இத்தனை நாள் இதை நான் கவனித்ததே இல்லை.

போதித்துப் பழக்கமுள்ள அண்ணன்மார், அக்காமார் உதவுங்கள். ஒன்பதாம் வசனத்தில் மதுவிலக்கு வருவதால் அவர்கள் குடித்திருந்தார்கள் என்று சொல்லலாமா? வசனம் நேரடியாக அப்படிச் சொல்லவில்லையே. அப்புறம், கர்த்தருடைய உடன்படிக்கைப் பெட்டியைத் தொட்டுச் செத்த ஊசாவையும் இதோடு சேர்க்கலாமா, தனியாக வைக்கலாமா? பெட்டி விழாமல் பிடிக்கத்தானே அவன் போனான்.

சனிக்கிழமைக்குள் எழுதினால் நல்லது. மூடுபனி நாளில் இங்கே சிக்னல் சரியாக இருக்காது, வாய்ஸ் மெசேஜ் வேண்டாம்.