மறு: ஆண்டெனா ரைட்ஸ் – தமிழில் என்ன? 'நிறுவுரிமை' என் முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

'ஆண்டெனா ரைட்ஸ்', அதாவது ஹாம்கள் (உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலி ஆர்வலர்கள்) தங்கள் வீட்டில் ஆண்டெனா வைத்துக்கொள்ளும் உரிமை, இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்விக்கு இந்த இழையில் இதுவரை வந்தவை அலைவாங்கி உரிமை, வானலைக் கம்பி உரிமை, ஆண்டெனா சலுகை. மூன்றிலுமே எனக்கு உடன்பாடில்லை, முதலாவதில் அறவே இல்லை.

அலைவாங்கி என்றால் வாங்குவது மட்டும்தான். ஹாம் வைத்திருக்கும் ஆண்டெனா அலையை அனுப்பவும் செய்யும். சாதாரணப் பேச்சில் இதைப் பெரிதுபடுத்த வேண்டாம், ஆனால் நாம் பெயர் தேடுவது அமெரிக்க ஹாம்கள் ஆண்டுக்கணக்காகக் கேட்டுவரும் ஒன்றுக்கு. அங்கே டிவி பார்ப்பவருக்குக் கிடைத்தது ஹாமுக்குக் கிடைக்கவில்லை என்பதே அவர்கள் குறை. 1996-இல் எஃப்.சி.சி. (அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம்) ஒரு விதி போட்டது: வீட்டுக்காரர் தன் இடத்தில் டிவி ஆண்டெனாவோ ஒரு மீட்டருக்கு உட்பட்ட டிஷ்ஷோ வைத்தால், பாதுகாப்பு போன்ற சில காரணங்கள் தவிர, நகராட்சியும் தடுக்கக் கூடாது, வீட்டு உரிமையாளர் சங்கமும் தடுக்கக் கூடாது. ஹாம் ஆண்டெனா அந்த விதிக்குள் வரவில்லை. இப்போது 'அலைவாங்கி உரிமை கேட்கிறார்கள்' என்று எழுதினால், அதுதான் ஏற்கெனவே இருக்கிறதே என்று விவரம் தெரிந்தவர் கேட்பார்.

'வானலைக் கம்பி'யைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டிஷ் கம்பி இல்லை, யாகி (பல குறுக்குக் கம்பிகள் கொண்ட திசை ஆண்டெனா) வெறும் கம்பி இல்லை. ஆண்டெனாவை ஆண்டெனா என்றே விடுவோம், படிக்காத ஆட்களுக்கும் புரிகிற சொல் அது.

சலுகைக்கு வருகிறேன். இதை முன்வைத்தவர், ஹாம் ரேடியோ ஒரு பொழுதுபோக்கு, அதற்கு உரிமை என்பது கூடுதல் என்று எழுதியிருந்தார். 1985 செப்டம்பரில் எஃப்.சி.சி. வெளியிட்ட பி.ஆர்.பி.-1 ஆணையைப் படித்தால் அப்படித் தோன்றாது. உள்ளாட்சிகள் ஆண்டெனாவின் உயரம், இடம், தோற்றம் பற்றி விதி செய்யலாம். ஆனால் அமெச்சூர் தகவல்தொடர்புக்கு நியாயமான அளவில் இடங்கொடுத்தாக வேண்டும், தங்கள் நோக்கத்துக்குத் தேவையான குறைந்தபட்சக் கட்டுப்பாட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பிறகு இது எஃப்.சி.சி.யின் 97.15-ஆம் விதியிலும் ஏறிவிட்டது. இடங்கொடுப்பது உள்ளாட்சியின் கடமை என்று ஆனபின் அதற்குச் சலுகை என்று பெயர் வைப்பது, எதிர்த்தரப்பின் வாதத்தை நாமே சொல்லுக்குள் வைத்துத் தைப்பது போல.

உயரத்தை ஹாம்கள் ஆசைக்குக் கேட்பதாக நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 7 மெகாஹெர்ட்ஸ் பட்டையின் அலைநீளம் சுமார் 40 மீட்டர், அதற்கான அரையலை டைபோல் (நடுவில் இணைப்புக் கொடுத்த நேர்க்கம்பி ஆண்டெனா) சுமார் 20 மீட்டர் நீளம். கிடைமட்டமாகக் கட்டிய டைபோல் தரைக்கு அருகே இருந்தால் ஆற்றலில் பெரும்பங்கு மேல்நோக்கிப் போகிறது, அக்கம்பக்கத்து மாவட்டங்களோடு பேச அது நல்லதுதான். கண்டம் தாண்டிப் பேச வேண்டும் என்றால் தாழ்ந்த கோணத்தில் அலை புறப்பட வேண்டும், அதற்கு அரை அலைநீளம் அளவுக்காவது உயரம் இருப்பது நல்லது. ஆண்டெனா வைத்துக்கொள், ஆனால் கூரைக்கு மேலே தெரியக் கூடாது என்று ஊர் சொன்னால் பாதி உரிமை அங்கேயே போய்விடுகிறது. அதனால்தான் அந்த 97.15-ஆம் விதியும் ஆண்டெனாவோடு நிற்காமல், அதைத் தாங்கும் கம்பம், கோபுரம் எல்லாம் சேர்ந்த கட்டமைப்பைப் பற்றிப் பேசுகிறது.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் உரிமை எதற்கு? ஆண்டெனாவை நிறுவுவதற்கு. ஆகவே நிறுவுரிமை. வாக்குரிமை, பேச்சுரிமை, வாழ்வுரிமை வரிசையில் இயல்பாக உட்காருகிறது, சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். வெறுமனே 'ஆண்டெனா உரிமை' என்பதில் இன்னொரு சிக்கல் உண்டு: உரிமையாளர் என்றதும் சொந்தக்காரர்தான் நினைவுக்கு வருவார், உரிமம் வேறு பக்கத்திலேயே நிற்கிறது. ஹாமுக்கு உரிமம் இருக்கிறது, ஆண்டெனாவும் சொந்தம், நிறுவுரிமைதான் இல்லை. மூன்று சொல்லும் ஒரே வாக்கியத்தில் மோதாமல் நிற்கின்றன பாருங்கள்.

அப்புறம், இதோடு சேர்ந்தே இன்னொரு சொல்லை முடிவுசெய்ய வேண்டும், எனக்கு அதுதான் அவசரமாகப் படுகிறது. பி.ஆர்.பி.-1 மாநில, உள்ளாட்சி விதிகளை மட்டுமே கட்டுப்படுத்தும். வீடு வாங்கும்போதே பத்திரத்தோடு ஒட்டிவரும் தனியார் கட்டுப்பாடுகளை அது தொடாது. வெளியே ஆண்டெனாவே கூடாது என்று அந்தக் கட்டுப்பாட்டில் இருந்தால், எஃப்.சி.சி. உரிமம் கையில் இருந்தும் ஒன்றும் செய்ய முடியாது. இந்த ஓட்டையை அடைக்கத்தான் அமெரிக்க ஹாம்களின் தேசிய அமைப்பான ஏ.ஆர்.ஆர்.எல். முயன்று வருகிறது. அமெச்சூர் ரேடியோ சமநிலை மசோதா 2016-இலும் 2017-இலும் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி, செனட்டைத் தாண்டவில்லை. அடுத்து வந்த அமெச்சூர் ரேடியோ அவசரகாலத் தயார்நிலை மசோதா 2025-இல் இரு அவைகளிலும் மறுபடி கொண்டுவரப்பட்டது. தமிழில் இதை எழுதும்போது 'ஆண்டெனாவுக்கு அரசு தடை' என்று போட்டால் செய்தி தலைகீழாகிவிடும். தடை போடுவது வீட்டு உரிமையாளர் சங்கமும் பத்திரமும். அதை நீக்கச் சொல்லித்தான் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸிடம் போகிறார்கள். எனவே உள்ளாட்சி போடுவதை 'மண்டல விதி' என்றும், சொத்தோடு வருவதைப் 'பத்திர நிபந்தனை' என்றும் பிரித்தே எழுதுவோம். இரண்டும் பழகிய சொற்கள்தான், புதிதாக எதையும் படைக்க வேண்டியதில்லை.

பி.ஆர்.பி.-1 சொல்லும் கடமைக்கு 'நியாயமான இடமளிப்பு' போதும் என்று நினைக்கிறேன். 'தகு இடமளிப்பு' சுருக்கம்தான், ஆனால் முதல்முறை படிப்பவருக்கு நியாயம் என்ற சொல் கண்ணில் பட வேண்டும். 'வசதி' வேண்டாம், அது குளிர்சாதன வசதி மாதிரி ஒலிக்கிறது.

எடுத்துக்காட்டுக்கு ஒரு செய்தி வாக்கியம்: 'பத்திர நிபந்தனைகளையும் மீறி ஹாம்களுக்கு ஆண்டெனா நிறுவுரிமை அளிக்கும் மசோதா செனட்டில் தேங்கியது.' ஒருமுறை படித்தாலே புரிகிறது இல்லையா? 'மீறி' சரியா, 'கடந்து' சரியா என்பதில் எனக்கே இன்னும் தயக்கம் உண்டு. சட்டத்தமிழ் தெரிந்தவர்கள் அதைப் பார்த்துச் சொல்லுங்கள். நிறுவுரிமைக்கு மறுப்பு உள்ளவர்கள் இதே வாக்கியத்தில் உங்கள் சொல்லைப் போட்டு எழுதுங்கள், ஒப்பிட எளிதாக இருக்கும்.

அன்புடன்