பிள்ளைகள் இல்லத்துக்கு இன்னொரு மாடியா, அம்மாவின் கைக்குப் பணமா?

பொருநை வாசகி:
எங்கள் சேகரத்தில், அதாவது ஒரு குருவானவரின் கீழ் இருக்கும் சபைகளின் கூட்டத்தில், ஏழைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் இல்லத்துக்கு இன்னொரு மாடி கட்டப் பணம் சேர்க்கிறார்கள். இந்த வருட அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்ட பணமும் அதற்கே போகிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அங்கே இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அம்மா உயிரோடு இருக்கிறார். கணவரை இழந்தவர், கைவிடப்பட்டவர், பீடி சுற்றிப் பிழைப்பவர். பிள்ளையை வைத்துச் சோறு போட முடியாமல்தான் கொண்டுவந்து விடுகிறார்கள். 2015 சிறார் நீதிச் சட்டம், இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது. வறுமை ஒன்றையே காரணம் காட்டிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று ஐ.நா.வின் 2009 வழிகாட்டுதல் சொல்கிறது. கட்டடத்துக்குப் போகும் பணத்தை அந்த அம்மாவின் வீட்டு வாடகைக்கும் அரிசிக்கும் கொடுத்தால் என்ன? சபையால் முடியாதா?

விடுதிப்பையன்:
அக்கா, நான் அப்படி ஒரு இல்லத்தில் வளர்ந்தவன். எங்கள் அப்பாவுக்குக் குடி. அம்மா கையில் நீங்கள் எவ்வளவு கொடுத்திருந்தாலும் அது பொழுது சாய்வதற்குள் டாஸ்மாக்குக்குப் போயிருக்கும். வீட்டிலேயே இருந்திருந்தால் எட்டாம் வகுப்போடு பட்டாசு ஆலைதான். இல்லத்தில் மூன்று வேளைச் சோறு இருந்தது, சாயங்காலம் உட்கார்ந்து படிக்க வெளிச்சம் இருந்தது, கணக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு அண்ணன் இருந்தார். சட்டம் எழுதியவர்களுக்கு இது தெரியாது. மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் திருநெல்வேலிச் சீமையில் டோனாவூர் பக்கம் 1901-ல் பெண் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டபோது எந்த அரசாங்கத் திட்டம் வந்து நின்றது? மயிலாப்பூர் ராமகிருஷ்ணா மிஷன் மாணவர் இல்லம் 1905-ல் தொடங்கியது. பக்தி உள்ளவர்கள்தான் முதலில் வந்தார்கள்.

பொருநை வாசகி:
தம்பி, உங்களைப் போன்ற பிள்ளைக்குத்தான் இல்லம் இருக்க வேண்டும் என்கிறேன். அடிக்கிற வீடு, குடிக்கிற வீடு வேறு. வெறும் கஷ்டப்படுகிற வீடு வேறு. இரண்டையும் ஒரே வாசல் வழியாக உள்ளே விடுவதுதான் தவறு. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் நலத் திட்டத்தில் குடும்பத்தோடு இருக்கும் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. கிராமத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000-க்குள் இருக்க வேண்டும், மற்ற இடங்களில் 96,000. பெற்றோர் இருவரையும் இழந்தோருக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் வளர்க்க முடியாத பிள்ளைகளுக்கும் தமிழ்நாடு அரசின் அன்புக் கரங்கள் திட்டம் மாதம் 2,000 தருகிறது. இதற்கு விண்ணப்பம் எழுதிக்கொடுக்க, கூடவே அலுவலகத்துக்கு வர ஆள் இல்லாமல்தான் அந்த அம்மாக்கள் தவிக்கிறார்கள். சபையில் படித்த பிள்ளைகள் எத்தனை பேர் சும்மா இருக்கிறார்கள்!

வைகை சமூகப்பணி:
களத்தில் இருப்பவள் என்ற முறையில் ஒன்று சொல்லியாக வேண்டும். மாமல்லபுரம் பக்கத்து இல்லங்களில் நடந்த கொடுமை பற்றி 2007-ல் வந்த ஒரு செய்திக் கட்டுரையிலிருந்துதான் தமிழ்நாட்டு அனாதை இல்லங்கள் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தீர்ப்பு 2017 மே மாதம் வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் நாட்டின் எல்லா இல்லங்களும் பதிவாக வேண்டும் என்றார்கள். பதிவில்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும்.

ஆனாலும் இன்றும் நான் பார்ப்பது என்ன? குருவானவருக்குத் தெரிந்தவர், மடத்துக்கு வேண்டியவர் என்று பிள்ளை நேராக வந்து சேர்ந்துவிடுகிறது. பிள்ளையை இல்லத்தில் சேர்க்கலாமா என்று முடிவு செய்யும் மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்துவதே இல்லை. கேட்டால், ‘கடவுள் காரியத்துக்கு எதுக்கம்மா காகிதம்?’ என்கிறார்கள். நல்ல மனதோடு சொல்கிறார்கள், அதுதான் எனக்குப் பயம். யார் எங்கே இருக்கிறார் என்ற பதிவில்லாத பிள்ளைக்கு ஏதாவது நடந்தால் கேட்க நாதியில்லை. குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கச் சொல்லி ஒரு தாள் சுவரில் ஒட்டியிருந்தால் மட்டும் போதாது, அந்தப் பிள்ளை கைக்கு ஒரு போன் எட்ட வேண்டும்.

குன்றத்துக் குரல்:
யாரும் தொடாத விஷயத்துக்கு வருகிறேன். சோறு போடுகிறார்கள், சரி. அப்புறம் ஏன் பிள்ளையின் நெற்றியில் திருநீறு இருக்கக் கூடாது? ஏன் பெயர் மாறுகிறது? ஐ.நா.வின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 20-ஆம் பிரிவு, பிள்ளை வளர்ந்த மதத்தையும் மொழியையும் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. இந்தியா 1992-ல் அதை ஏற்றது. பசியோடு வந்த பிள்ளையிடம் ஜெபம் சொல்லச் சொன்னால் அது சம்மதம் ஆகாது.

விடுதிப்பையன்:
அண்ணாச்சி, என் பெயரை யாரும் மாற்றவில்லை. ஆனால் ஜெபத்துக்கு வராதவனுக்கு அன்று விளையாட்டு கிடையாது, அது உண்மை. அதைத் தப்பு என்றே சொல்வேன். காலையில் எல்லோரும் ஸ்லோகம் சொல்லியாக வேண்டும் என்கிற விடுதிகளுக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள்.

குன்றத்துக் குரல்:
கேட்கிறேன். அங்கேயும் கட்டாயம் கூடாது.

மேலப்பாளையம் சகோ:
எங்கள் பக்கம் யதீம்கானாக்கள், அதாவது அனாதைப் பிள்ளைகள் இல்லங்கள் உண்டு. யதீம்களின், அதாவது அனாதைகளின், சொத்தை அநியாயமாகத் தின்பவர்கள் வயிற்றில் நெருப்பைத் தின்கிறார்கள் என்பது குர்ஆனின் கடும் எச்சரிக்கை. ஜகாத் என்ற கடமையான தர்மத்தை ஏழையிடமே சேர்ப்பதுதான் முறை. விதவைத் தாய்க்கு மாதாமாதம் மளிகையும் பள்ளிக் கட்டணமும் கொடுக்கும் ஜமாஅத்துகளை எனக்குத் தெரியும், பிள்ளை வீட்டில்தான் தூங்குகிறது. ஆனால் பணம் சேர்ப்பது கஷ்டம். கட்டடம் என்றால் கல்வெட்டில் பெயர் வரும். ஆமினாவுக்கு அரிசி வாங்கிக்கொடுத்தால் எந்தக் கல்லில் எழுதுவது? எல்லா மதத்திலும் நோய் இதுதான்.

வைகை சமூகப்பணி:
பிள்ளையை வீட்டிலேயே வைத்து உதவலாம் என்று சகோ சொல்வதற்குச் சரியான உதாரணம் கம்பாஷன் இன்டர்நேஷனல் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவத் தொண்டு நிறுவனம். சபைகள் மூலமாக இந்தியாவில் லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு உதவினார்கள், பெரும்பாலும் பிள்ளை தன் வீட்டிலேயே இருந்தது. 2016-ல் முன் அனுமதி இல்லாமல் வெளிநாட்டுப் பணம் வாங்க முடியாது என்று உள்துறை சொன்னது. மதமாற்றக் குற்றச்சாட்டும் சேர்ந்துகொண்டது. 2017 மார்ச்சில் மூடிவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளின் கட்டணம் நடுவில் நின்றது. வெளிநாட்டுப் பணத்தை நம்பினால் இதுதான் கதி. உள்ளூர்க் காணிக்கையில் நடந்தால் நிலைக்கும்.

பொருநை வாசகி:
ருமேனியாவின் புக்கரெஸ்டில் இல்லங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளில் பாதிப்பேரை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டுப் பார்த்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்களின் அறிவும் பாசமும் தேறின, அதிலும் இரண்டு வயதுக்குள் போனவர்களுக்கு அதிகம். இதற்கு மேல் என்ன வேண்டும்?

விடுதிப்பையன்:
அது கைக்குழந்தைகள் கதை அக்கா. எங்கள் இல்லத்துக்கு வருவது ஐந்தாம் வகுப்பு, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். அதை வைத்து எங்களை அளக்காதீர்கள்.

இன்னொன்று. 18 முடிந்த அன்று எங்களை வெளியே அனுப்பினார்கள். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பைபிள், கொஞ்சம் பணம். வாடகைக்கு வீடு கேட்டால் அப்பா பெயர் கேட்டார்கள். வெளியே போகிறவனுக்கு 21 வயது வரை கைகொடுக்கச் சிறார் நீதிச் சட்டத்தில் 46-ஆம் பிரிவு இருக்கிறது. சபையில் யாருக்கும் அது தெரியவில்லை. மாடியைக் கட்டட்டும், நான் தடுக்க மாட்டேன். ஆனால் அது 18 தாண்டியவர்கள் வேலை தேடும் வரை தங்குவதற்கு. சின்னப் பிள்ளைகளுக்குப் புதிதாக ஒரு கட்டில்கூட வேண்டாம்.

பொருநை வாசகி:
அதற்கு மாடி எதற்கு? ஊருக்குள் இரண்டு வீட்டை வாடகைக்கு எடுத்தால் போதும், மீதி அம்மாக்களுக்குப் போகட்டும். சேகரக் கமிட்டி அடுத்த ஞாயிறு கூடுகிறது. இல்லத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு அம்மா இருக்கிறார், எத்தனை பேர் குழந்தைகள் நலக் குழு உத்தரவோடு வந்தவர்கள் என்று எழுத்தில் கேட்கப்போகிறேன். நீங்களும் வந்து 46-ஆம் பிரிவைப் பேசுங்கள் தம்பி.

விடுதிப்பையன்:
வருகிறேன். வாடகை வீட்டுக்கு மட்டும் சம்மதிக்க மாட்டேன், அங்கேயும் அப்பா பெயர் கேட்பார்கள்.