புதுப்பிப்பு: இஸ்தான்புல்லில் சுற்றுலாப் படகா, பொது ஃபெர்ரியா?

ஐரோப்பாவையும் ஆசியாவையும் பிரிக்கும் பாஸ்பரஸ் நீரிணையைப் பார்க்கச் சுற்றுலாப் படகு அவசியமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. "எமினோனுவிலிருந்து கடிகோய்க்கு, வேலைக்குப் போகிறவர்களோடு ஃபெர்ரியில் போங்க" என்ற யோசனைதான் சரியாக அமைந்தது. இஸ்தான்புல்கார்ட் (நகரின் பொதுப் போக்குவரத்து அட்டை) போதும், சுமார் 20 நிமிடத்தில் ஐரோப்பாவிலிருந்து ஆசியா! திரும்பும்போது இடப்பக்கம் உட்காருங்கள். தோப்காபி அரண்மனை அந்தப் பக்கம்தான்.

எதிர்பாராதது டீ. படகிலேயே, இடை சிறுத்த கண்ணாடிக் கோப்பையில் விற்கிறார்கள். பால் கிடையாது, சர்க்கரைக் கட்டி மட்டும். ஃபில்டர் காபிக்குப் பழகிய நாக்கு முதல் மடக்கில் முரண்டு பிடித்தது; அப்புறம் இன்னொன்று கேட்டு வாங்கினேன். எள் தூவிய வளைய ரொட்டியான சிமித்தைக் கரையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், கடற்காகங்களும் பங்குக்கு வரும்.

ஒன்று: இதில் நீரிணையின் தெற்கு வாய் மட்டுமே தெரியும். கருங்கடல் பக்கம் வரை பார்க்க நீண்ட பயணப் படகுதான் வழி.