கலைச்சொல்: சுழல்கூண்டு, நிலைக்கூண்டு, வேட்டைவண்டி

அன்புள்ள ஐயா, வணக்கம்.

> 'பீரங்கி வண்டி' நாளிதழ்களில் ஊன்றிவிட்ட சொல். டைகருக்கும் யாக்ட்டைகருக்கும் அதுவே போதாதா?

போதாது ஐயா. டைகரும் யாக்ட்டைகரும் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் ஓட்டிய கவச வண்டிகள்; ஆனால் அமைப்பில் வேறுபட்டவை. ஜெர்மானிய டாங்கி அதிகாரி ஓட்டோ காரியுஸின் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தபோதுதான் இது எனக்கு உறைத்தது. எடை குறைவு என்று முதலில் திருப்பி அனுப்பப்பட்ட இளைஞர் அவர். பிறகு 502ஆம் கனரக டாங்கிப் பிரிவில் டைகர் ஏறினார். 1944 ஜூலை 22 அன்று லாத்வியாவின் மாலினாவா கிராமத்தில் நடந்த சண்டை அவர் பெயரைப் பரப்பியது. டைகரின் 88 மி.மீ. பீரங்கி, தான் பொருத்தப்பட்ட கவச அறையான கூண்டோடு முழுவட்டம் சுழலும். வண்டி ஒரு திசையில் ஓட, குழல் வேறு திசையில் குறிபார்க்கும்.

1945இல் அவருக்குக் கிடைத்தது யாக்ட்டைகர். எழுபது டன்னுக்கு மேல் எடை, 128 மி.மீ. பீரங்கி, உள்ளே ஆறு பேர். கூண்டு சுழலாது. குழல் இடமும் வலமும் பத்துப் பாகை அளவே அசையும். அதற்கு மேல் குறிபார்க்க வண்டியையே திருப்ப வேண்டும், தெருமுனையில் தேரைத் திருப்புவது போல. கூண்டின் முன்புறக் கவசம் 250 மி.மீ., பக்கவாட்டில் வெறும் 80. அனுபவமில்லாத வண்டித்தலைவர் ஒருவர் எதிரியின் முன்னால் வண்டியைத் திருப்பிப் பக்கத்தைக் காட்டினார், ஆறு பேரும் மாண்டார்கள் என்று காரியுஸ் தம் நினைவுக்குறிப்பில் எழுதுகிறார். இதைப் 'பீரங்கி வண்டி திரும்பியது, அழிந்தது' என்று எழுதினால், பீரங்கியை மட்டும் திருப்பியிருக்கலாமே என்று வாசகர் கேட்பார். நியாயமான கேள்வி!

'டாங்கி அழிப்பான்' என்ற பரிந்துரையும் உதவாது. அமெரிக்கர்களின் எம்-10 வண்டி அதே பணிக்கு வந்ததுதான். அதற்குச் சுழலும் கூண்டு உண்டு. அச்சொல் வேலையைச் சொல்கிறது, அமைப்பைச் சொல்லவில்லை. ஆகவே முதலில் கூண்டுக்குப் பெயர் வைப்போம்: சுழல்கூண்டு, நிலைக்கூண்டு. தேர் நிலைக்கு வருவதை அறிந்த நமக்கு 'நிலை' விளங்காமல் போகாது. நிலைக்கூண்டு கொண்ட ஜெர்மானிய வகைக்கு 'வேட்டைவண்டி'; 'யாக்ட்' என்றால் அங்கே வேட்டைதான்.

'வேட்டை' என்பது வீரப்புகழ் பாடுகிறது என்ற தங்கள் அச்சத்தை மதிக்கிறேன். காரியுஸ் ஹிட்லரின் படையில் போரிட்டவர். அதனால் வண்டிக்கு மட்டுமே அச்சொல். அவரை 'வேட்டைக்காரர்' என்று எங்கும் எழுத மாட்டேன். வீழ்த்தியதாகச் சொல்லப்படும் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட டாங்கிகளை 'அவர் கணக்கில் எழுதப்பட்டவை' என்றே குறிப்பேன். ஜெர்மானியப் படை அவருக்கு அளித்த பதக்கத்தையும் 'வீரச்சிலுவை' ஆக்காமல் 'ரிட்டர் சிலுவை' என்று விடுவோம்.

வண்டிகளின் பெயர்களைப் 'புலி', 'வேட்டைப்புலி' என்று மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. போருக்குப் பின் மருந்தாளுநரான காரியுஸ், தம் கடைக்கு டைகரின் பெயரையே வைத்தார். 'புலி மருந்தகம்' என்றால் யாருக்கு வண்டி நினைவு வரும்? வகைப்பெயரை மட்டும் தமிழாக்குவோம்.

நிலைக்கூண்டு பற்றித் தங்கள் கருத்தை எழுதுங்கள் ஐயா. அது உறுதியானால்தான் 1945ஆம் ஆண்டுப் பகுதியைத் திருத்த முடியும்.