தோட்டத்து மனை வரைபடம்: ‘பெரிய வீட்டுப் பங்காளிகள்’ குழுவில்

மெய்யப்பன்: எல்லாருக்கும் வணக்கம். நம் தோட்டத்தை மனை போட்டு விற்கப்போகும் புரோமோட்டரிடமிருந்து வரைபடம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் நாம் ஒப்புக்கொண்டால் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதிக்கு அனுப்பிவிடுவார்களாம்.

மெய்யப்பன்: (படம்)

வள்ளியப்பன் சிங்கப்பூர்: சரி

லெட்சுமணன்: எனக்கும் சரி

தேனம்மை: படம் தலைகீழாக இருக்கிறது சின்னப்பச்சி

சொக்கலிங்கம்: யாரும் சரி சொல்ல வேண்டாம். தட்டிக்கொண்டிருக்கிறேன். பொறுங்கள்.

லெட்சுமணன்: அண்ணன் ரிட்டயர் ஆனது பொதுப்பணித்துறைக்குத்தான், நமக்கு இல்லை

சொக்கலிங்கம்: சாலை இருக்கிறது, பூங்கா இருக்கிறது, டிரான்ஸ்பார்மருக்குக்கூட இடம் இருக்கிறது. மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று ஒரு அம்புக்குறி இல்லை. மேற்கேயிருந்து தோட்டத்துக்குள் புகுந்து ஊரணிக்குப் போகும் வரத்துக்காலைக் காணவே காணோம். 14, 15, 16 மனைகள் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன.

லெட்சுமணன்: அது கால்வாயா? எப்போது பார்த்தாலும் காய்ந்து கிடக்கிறது

உமையாள் ஆச்சி: போன ஐப்பசியில் ஒரு ஆட்டையே அடித்துக்கொண்டு போனது

தேனம்மை: அது லெட்சுமணன் சித்தப்பா தோட்டக்காரர் ஆடு

லெட்சுமணன்: அதற்கும் நானா

சொக்கலிங்கம்: கணக்கைச் சொல்கிறேன். தோட்டம் 4 ஏக்கர். 5 செ.மீ. மழைக்கு அந்த இடத்தில் மட்டும் 8 லட்சம் லிட்டர் விழும். ஐப்பசி கார்த்திகையில் ஒரே ராத்திரியில் கொட்டக்கூடிய மழைதான். இப்போது மண்ணும் புல்லும் ஒரு பங்கைக் குடித்துவிடும், மீதி மெதுவாக இறங்கிப் போகும். நாளைக்குத் தார்ச்சாலை, மொட்டை மாடி, சிமெண்ட் பூசிய வாசல் எல்லாம் வந்தால் அநேகமாக முழுவதும் ஓடும். அதுவும் ஒரே நேரத்தில் ஓடும். போதாததற்குக் கிராவல் அடித்து இரண்டு அடி உயர்த்துகிறார்கள். அப்புறம் பள்ளத்தில் இருப்பது யார்? நம் பின்கட்டு.

வள்ளியப்பன் சிங்கப்பூர்: விற்ற பிறகு அது வாங்கியவர் பாடு இல்லையா அண்ணே

உமையாள் ஆச்சி: வாங்கினவன் வந்தா பின்கட்டில் தண்ணி இறைப்பான்? நீ வந்து இறைப்பாயா?

வள்ளியப்பன் சிங்கப்பூர்: ஆச்சி நான் சும்மா கேட்டேன்

மெய்யப்பன்: ஒவ்வொரு வீட்டிலும் மழைநீர்த் தொட்டி கட்டுவார்கள், 2003லிருந்து கட்டாயம்தானே என்கிறார் புரோமோட்டர்

சொக்கலிங்கம்: கட்டாயம்தான். ஆனால் தோட்டத்துக் கிணறு வெட்டியபோது ஆறடியில் செம்புராங்கல் வந்ததை மறந்துவிட்டீர்களா? கல் மேல் உறிஞ்சு குழி போட்டால் அது குழி இல்லை, தொட்டி. முதல் மழையில் நிரம்பும், இரண்டாவது மழைக்கு வழிந்துகொண்டு நிற்கும். நாலு இடத்தில் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்த்துவிட்டுப் பேசச் சொல்லுங்கள். தவிர, வீடு ஒவ்வொன்றாக வர வருடங்கள் ஆகும். சாலை முதலிலேயே வந்துவிடும். அந்தத் தண்ணீருக்கு யார் தொட்டி கட்டுவது?

தேனம்மை: பெரியப்பச்சி சொல்வது சரிதான். வீட்டு வளவு முற்றத்தில் விழுகிற தண்ணீர்கூடத் தெரு ஓடையில் சேர்ந்து ஊரணிக்குப் போகிற மாதிரிதானே ஊரையே கட்டியிருக்கிறார்கள். 2014ல் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்ததே இதற்கெல்லாம் சேர்த்துத்தான்

லெட்சுமணன்: பட்டியல் வந்து ஏறியது தேக்குத் தூண் விலைதான்

சொக்கலிங்கம்: தூணைப் பற்றி நீ பேசாதே

லெட்சுமணன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

உமையாள் ஆச்சி: நான் படித்துவிட்டேன்

மீனாட்சி: முன்னோர் படைப்புக்கு எத்தனை புள்ளி (தம்பதி) வருகிறீர்கள்? சமையல்காரர் இன்றைக்கே கேட்கிறார்

வள்ளியப்பன் சிங்கப்பூர்: டிக்கெட் பார்க்கிறேன் அண்ணமிண்டி (அண்ணி)

மெய்யப்பன்: மனை விஷயம் முடியட்டும் அண்ணமிண்டி. வரத்துக்காலை விட்டால் 3 மனை போகிறது. நம் பணத்தில்தான் குறைப்பார்கள். அட்வான்ஸ் வாங்கியாயிற்று.

சொக்கலிங்கம்: யார் வாங்கியது?

மெய்யப்பன்: ஒரு டோக்கன்தான்

உமையாள் ஆச்சி: மெய்யா

சொக்கலிங்கம்: அதை நேரில் பேசுகிறேன். கிராம வரைபடத்தையும் எஃப்எம்பியையும் (புல அளவை வரைபடம்) எடுங்கள், எஃப்எம்பி இணையத்திலேயே கிடைக்கும். அந்த வரத்துக்கால் ‘வாய்க்கால் புறம்போக்கு’ (அரசு நிலம்) என்று இருந்தால் அது நாம் விற்கிற சொத்தே இல்லை. பட்டாவுக்குள் இருந்தாலும் விட்டுத்தான் ஆக வேண்டும். மனை பிரித்த பிறகு வடிகால் தேடுவது தலைகீழ் வேலை. முதலில் மட்டம் எடுத்துத் தண்ணீருக்கு வழி, அப்புறம் அதை ஒட்டிச் சாலை, கடைசியில்தான் மனை. இவ்வளவு பெரிய இடத்தில் சாலை போக 10 சதவீதம் பொதுவுக்கு விட வேண்டும். அந்தப் பூங்காவை மேட்டில் போட்டிருக்கிறார்கள். பள்ளமான கிழக்கு மூலைக்கு மாற்றி, தரையை ஒன்றரை அடி தாழ்த்தினால் 5 லட்சம் லிட்டர் அங்கேயே நிற்கும். மழை விட்டதும் மெல்ல ஊரணிக்கு விடலாம். தண்ணீர் நுழையும் வாயில் ஒரு வண்டல் தொட்டி கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் கிராவல் முழுக்க ஊரணியில்தான் போய்ப் படியும்.

தேனம்மை: செப்டிக் டேங்க் தண்ணீரையும் அதே வடிகாலில் விட்டுவிடுவார்களே?

சொக்கலிங்கம்: அதைத்தான் அடுத்து எழுத இருந்தேன். கழிவுநீர்க் குழாய் ஒன்றுகூட அதில் சேரக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

உமையாள் ஆச்சி: ஊரணியில் சாக்கடை கலந்தால் ஊருக்குள் நான் எப்படித் தலைகாட்டுவேன்

லெட்சுமணன்: அண்ணே சொல்வதெல்லாம் சரி. 3 மனைக் காசை யார் தருவது?

வள்ளியப்பன் சிங்கப்பூர்: பூங்காவை மாற்றினால் மேட்டில் ஒரு மனை திரும்பக் கிடைக்காதா

சொக்கலிங்கம்: கிடைக்கும். ஒன்றோ இரண்டோ.

லெட்சுமணன்: ஒன்றா இரண்டா?

மெய்யப்பன்: புதிதாகப் படம் போட அவர் காசு கேட்பார்

மீனாட்சி: எத்தனை புள்ளி என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை

சொக்கலிங்கம்: எங்கள் வீட்டில் 4. படைப்புக்கு முதல் நாளே வந்து மட்டம் எடுக்கிறேன். மெய்யா, புரோமோட்டரை அன்றைக்கு வரச் சொல். அதுவரை வெள்ளிக்கிழமை கிடையாது.

மெய்யப்பன்: கேட்டுப் பார்க்கிறேன். உறுதி சொல்ல முடியாது.

லெட்சுமணன்: எங்கள் வீட்டில் 3. கொத்தனாரிடம் டியூப் லெவல் வாங்கி வைக்கட்டுமா?

உமையாள் ஆச்சி: நீ வாங்கி வைக்க வேண்டாம், மெய்யப்பன் வாங்கட்டும்