கொங்க் கிராமத்துக்குக் கார் இல்லாமல் போக முடியுமா?

மேலூர்க்காரன்: மகள் பிரான்ஸில், துலூஸ் நகரத்தில் படிக்கிறாள். செப்டம்பரில் நானும் வீட்டம்மாவும் போகிறோம். பாரிஸ் கூட்டமெல்லாம் வேண்டாம், கொங்க் என்று ஒரு கிராமம் இருக்கிறது, ரெண்டு ராத்திரி அங்கே தங்கலாம் என்கிறாள். பஸ் உண்டா? வீட்டம்மா சுத்த சைவம் வேறு.

திருநகர் வாசி: பக்கத்து நகரமான ரோடெஸ் வரை ரயிலில் போய் அங்கே கார் எடுத்துவிடுங்கள் அண்ணே, பஸ்ஸை நம்ப வேண்டாம், நம்ம பெரியார் நிலையம் மாதிரி நினைத்துவிடாதீர்கள். ரூமை இப்பவே போடுங்கள். லெ புய் என்ற பிரெஞ்சு ஊரிலிருந்து ஸ்பெயினில் இருக்கும் சந்தியாகோ புனிதத் தலம் நோக்கி இந்த வழியாக நடக்கும் யாத்ரீகர்கள் செப்டம்பரில் நிறைய வருவார்கள். ஊரிலுள்ள சாந்த் ஃபுவா தேவாலய வாசலுக்கு மேலே கடைசித் தீர்ப்புச் சிற்பம், 124 உருவங்கள். நாம் நின்று பார்க்கும்போது வலப்பக்கம் நரகம், அங்கே கழுத்தில் பணப்பையோடு ஒருவன் தூக்கில் தொங்குவான், அவனை விட்டுவிடாதீர்கள். உள்ளே சுலாழ் என்ற பிரெஞ்சு ஓவியர் செய்த ஜன்னல் கண்ணாடிகள் 1994இல் வைத்தவை, படமே கிடையாது, வெறும் கோடுகள்தான். எனக்குப் பிடித்தது, கூட வந்தவர்களுக்குப் பிடிக்கவில்லை.

சிம்மக்கல்: சாப்பாட்டுக்கு ஆலிகோ கேளுங்கள். மசித்த உருளைக்கிழங்கில் சீஸும் பூண்டும் போட்டுக் கிண்டுவது, கரண்டியைத் தூக்கினால் நூலாக இழுக்கும். சாஸேஜ் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம், அந்தப் பக்கத்துச் சீஸை உறைய வைக்கக் கன்றுக்குட்டி வயிற்றுச் சாறு சேர்ப்பார்கள், இதை அக்காவிடம் சொல்வது உங்கள் பாடு.

மேலூர்க்காரன்: பூண்டு சரி. மற்றதைக் கேட்டால் ரொட்டியோடு நிறுத்திக்கொள்வாள். ரூம் போட்டாச்சு, நன்றி தம்பிகளா.