முதிர்வதற்கு முன்பே சுவைத்த இத்தாலியச் சிவப்பு ஒயின்: உங்கள் அனுபவங்கள்

டூரின்வாசி எழுதியது:

செர்ரலுங்கா டால்பாவில் ஒரு சிறு தயாரிப்பாளரின் நிலவறை. நெப்பியோலோ திராட்சையில் செய்த 2019 பரோலோ, விற்பனைக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அறுவடை ஆண்டின் நவம்பர் 1 முதல் 38 மாதங்கள், அதில் 18 மாதங்கள் மரப் பீப்பாயில் வைத்திருந்த பிறகே விற்க வேண்டும் என்ற விதி உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நிறத்தை வைத்து இதை வலுவான ஒயின் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கோப்பையைச் சாய்த்தால், அதன் வழியே மேசையில் கிடந்த விலைப்பட்டியலைப் படிக்க முடிந்தது. மூக்கருகே கொண்டுபோனதும் காய்ந்த ரோஜா, செர்ரி, அடியில் லேசாகத் தார் வாசம். வாயில் வைத்தேன். கொட்டைப்பாக்கை மென்றது போல ஈறு இறுகி, மேலுதடு பல்லோடு ஒட்டிக்கொண்டது. மூக்குக்குக் கிடைத்த ரோஜா வாயில் எங்கும் இல்லை.

என்னைக் குடைந்துகொண்டிருப்பது அதுவல்ல. ஊற்றிக் கொடுத்த அம்மையாருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். அதே பாட்டிலிலிருந்து தமக்கும் கொஞ்சம் ஊற்றி, வாயில் சுழற்றித் துப்பிவிட்டு, "இதற்கு இன்னும் பத்து வருடம் வேண்டும். அதற்குப் பிறகு இருபது வருடம் நிற்கும்" என்றார். பக்கத்தில் திறந்திருந்த 2017-ஐச் சுவைத்துவிட்டு, "இதைக் காக்க வைக்க வேண்டாம், சீக்கிரம் குடித்துவிடலாம்" என்றார். எனக்கு இரண்டுமே ஒரே துவர்ப்பாகத்தான் பட்டன. அந்த ஒரு மிடறில் அவர் எதைக் கண்டுகொண்டார்? கேட்டேன், தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த கோப்பையைக் கழுவப் போய்விட்டார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குசினிக்காரன், பலெர்மோ:

அண்ணா, வெறும் வாயில் குடித்தால் அப்படித்தான் இருக்கும். நான் பலெர்மோவுக்கு வருவதற்கு முன் நாப்போலியில் ஓர் உணவகத்துக் குசினியில் வேலை பார்த்தேன். பாஸ்குவா (ஈஸ்டர்) நாளன்று ஒரு மேசையிலிருந்து தௌராசி என்ற சிவப்பு வைன் போத்தல் ஒன்று அரைவாசியோடு திரும்பி வந்தது. கெட்டுப்போன வைன் என்று விருந்தாளிகள் சொல்லிவிட்டார்களாம். வேலை முடிந்து நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது, வைன் பரிமாறுகிற பெண் அதை எங்களுக்கு ஊற்றினாள். முதல் மிடறுக்கு எல்லோருடைய முகமும் சுருங்கியது. அவள் ஒன்றும் பேசாமல், அடுப்பில் மணிக்கணக்காகக் கிடந்த ஆட்டுக்குட்டியின் தோள்பட்டை இறைச்சியைக் கொழுப்போடு பிய்த்து எங்கள் தட்டுகளில் வைத்து, "இதைத் தின்றுவிட்டு இப்போது குடியுங்கள்" என்றாள்.

அதே போத்தல், அதே கோப்பை. கொழுப்புப் படிந்த நாக்கில் அந்த வைன் வழுக்கிக்கொண்டு போனது. கறுத்த பிளம்ஸ் பழமும் புகைவாசமும் அப்போதுதான் தெரிந்தன. எனக்குப் பக்கத்தில் இருந்த பாத்திரம் கழுவுகிற தம்பி, கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "அக்கா, இதற்குள் என்ன போட்டாய்?" என்று கேட்டான்.

வைனில் துவர்ப்பைத் தருகிற டானின் நம் உமிழ்நீரில் இருக்கிற புரதத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் வாய் வறண்டு போகிறது. இறைச்சியும் பாற்கட்டியும் முன்னால் போனால் டானினுக்குப் பிடித்துக்கொள்ள வேறு புரதம் கிடைத்துவிடும். தௌராசி செய்கிற ஆலியானிக்கோ திராட்சையில் துவர்ப்பும் புளிப்பும் சேர்ந்தே கடுமையாக இருக்கும். தௌராசியை மூன்று வருடம் வைத்திருந்துதான் விற்க வேண்டும் என்று சட்டம் இருந்தும் அது போதாது. உங்களுக்கு அந்த நிலவறையில் கடிக்க என்ன கொடுத்தார்கள்? கிரிசினி ரொட்டிக் குச்சி மட்டும்தானே?

டூரின்வாசி:

கிரிசினி மட்டும்தான், தம்பி. ஆனால் அந்த அம்மையாரும் இறைச்சி தின்றுவிட்டுச் சொல்லவில்லையே. நான் கேட்பது அதைத்தான்.

பெரூஜா மருமகள்:

இன்னும் கடுமையானது வேண்டுமென்றால் மொந்தேபால்கோவுக்கு வாருங்கள். மாமனார் வீட்டுத் திருமண விருந்தில் சக்ராந்தினோ என்ற திராட்சையில் செய்த ஒயின் வைத்தார்கள். பாட்டிலில் அடைத்து அதிகக் காலம் ஆகாதது. எனக்கு உதட்டின் உட்புறம் தோல் உரிந்தது போலாகிவிட்டது, பேச்சு வரவில்லை. புது மருமகள் கூச்சப்படுகிறாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். மாமனார் மட்டும் புரிந்துகொண்டார். அலமாரியிலிருந்து அதே திராட்சையில் செய்த பஸ்ஸீத்தோவை எடுத்து ஒரு சின்னக் கோப்பையில் ஊற்றினார். திராட்சையைக் காயவைத்துப் பிழிகிற இனிப்பு வகை அது. அதிலும் அதே துவர்ப்பு முழுதாக இருந்தது. ஆனால் இனிப்பு அதைத் தாங்கிப் பிடித்தது.

இந்த ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சக்ராந்தினோ என்றாலே அந்த இனிப்பு வகைதானாம். இனிப்பில்லாத வகை பரவலானது 1970-களுக்குப் பிறகு. ஊர்க்காரர்கள் அதற்கு முன் ஏன் அதை இனிப்பாகவே செய்தார்கள் என்பது எனக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது.

மிலானோ நிலவறை:

என் அனுபவம் சிறியது. நண்பர் ஒருவர் பதவி உயர்வைக் கொண்டாட, அப்போதுதான் கடைக்கு வந்திருந்த 2016 பரோலோவைத் திறந்தார். காலையிலேயே டிகாண்டர் என்ற அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றிவைத்து, இரவு உணவுக்குப் பரிமாறினார். மணம் விரிந்திருந்தது. துவர்ப்பு காலையில் இருந்தபடியே இருந்தது. அவ்வளவுதான்.

இதைச் சொல்லக் காரணம், டிகாண்டரில் ஊற்றினால் இளம் ஒயின் முதிர்ந்துவிடும் என்று இன்னமும் பலர் நம்புகிறார்கள். காற்றுப் பட்டால் மணம் திறக்கும், மூடிக் கிடந்த வாசனை ஏதாவது இருந்தால் அகலும். பாட்டிலுக்குள் பல ஆண்டுகள் நடப்பது வேறு. டானின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்றும் நிறமிகளோடும் மெல்ல மெல்ல இணைகின்றன. ஒரு பகுதி வண்டலாகக் கீழே படிகிறது. ஒரு பகல் பொழுதில் அது நடக்காது.

ஆகவே வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பாட்டிலைப் படுக்கவைத்துத்தான் வைக்க வேண்டும், கார்க் காயக்கூடாது. வெப்பம் 12 முதல் 14 டிகிரி. அதைவிட முக்கியம், அது ஏறி இறங்காமல் இருப்பது. மிலானோவில் ஐந்தாவது மாடி வீட்டுச் சமையலறை அலமாரியில் பரோலோவை வைத்துவிட்டு ஆகஸ்டில் கடற்கரைக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வீடு பூட்டிக் கிடக்கும். உள்ளே 35 டிகிரி. அந்த ஒயின் முதிராது, வெந்துபோகும். அடுக்குமாடிக் கட்டடங்கள் பலவற்றில் தரைக்குக் கீழே கந்தீனா என்ற சாமான் அறை உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். சைக்கிளையும் பழைய நாற்காலியையும் ஓரமாக நகர்த்தினால் இடம் கிடைக்கும். கொதிகலன் குழாய் போகிற சுவரை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

ஒற்றைப் பாட்டில் வாங்காதீர்கள். ஒரே ஆண்டு, ஒரே தயாரிப்பாளர், பல பாட்டில்கள் வாங்கினால்தான் ஒன்றைத் திறந்து பார்த்து மற்றவற்றின் நிலையை அறியலாம். ஒன்றரை லிட்டர் மக்னம் மெதுவாக முதிரும், அரைப் பாட்டில் விரைவாக முதிரும். திறப்பதற்கு முந்தைய நாள் பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள், வண்டல் அடியில் படிந்துவிடும். ஊற்றும்போது பாட்டிலின் கழுத்துக்குப் பின்னால் ஒரு சின்ன விளக்கு இருந்தால் வண்டல் வருவதைக் கண்டு நிறுத்தலாம். 16 முதல் 18 டிகிரிக்குள் பரிமாறுங்கள். அதைவிடக் குளிர்ந்தால் துவர்ப்பு இரட்டிப்பாகத் தெரியும். குசினிக்காரர் சொன்ன இறைச்சி யோசனை சரி. ஆனால் அது அன்றைய இரவுக்கான தீர்வு, அந்த ஒயினுக்கானது அல்ல.

டூரின்வாசி:

ஐயா, என் வீட்டுக் கந்தீனா நன்றாகவே இருக்கிறது. எந்த ஒயினை வைக்கலாம் என்பது அந்த அம்மையாருக்கு எப்படித் தெரிந்தது?

சியேனாக்காரன்:

கேள்விக்கு வருகிறேன். மொந்தால்சீனோவில் ஒரு தயாரிப்பாளர் வீட்டில் எனக்கும் அப்படி ஒரு மனிதர் வாய்த்தார். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போகாமல் சொல்லிக்கொடுத்தார். ஒரே சரிவில் விளைந்த சாஞ்சோவேசே திராட்சை. ஒரு கோப்பையில் ரொஸ்ஸோ டி மொந்தால்சீனோ, இன்னொன்றில் புருனெல்லோ. ரொஸ்ஸோவை அறுவடைக்கு அடுத்த ஆண்டு செப்டம்பரிலேயே விற்கலாம். புருனெல்லோ ஐந்தாவது ஆண்டு ஜனவரி வரை காத்திருக்க வேண்டும். புருனெல்லோவைக் குடித்ததும் நான் "துவர்ப்பு" என்றேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தி, "எங்கே?" என்று கேட்டார்.

அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. இன்னொரு மிடறு குடித்துவிட்டுக் கவனிக்கச் சொன்னார். முன் ஈறுகளிலும் கன்னத்தின் உட்புறத்திலும் பொடியாக, சீராகப் பரவும் துவர்ப்பு பழுத்த தோலிலிருந்து வருவது. அதற்கு எதிர்காலம் உண்டு. நாக்கின் அடியில் கசப்போடு கரகரக்கும் துவர்ப்பு பழுக்காத விதையிலிருந்து வருவது. அதை எவ்வளவு காலம் வைத்தாலும் அந்தக் கசப்பு விடாது. பிறகு, விழுங்கியபின் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கச் சொன்னார். துவர்ப்பு மெல்லத் தளரும்போது அடியில் செர்ரி திரும்பி வருகிறதா, உமிழ்நீர் ஊறுகிறதா என்று பார்க்க வேண்டுமாம். பழம் திரும்பி வந்து, புளிப்பும் நின்றால், அந்த ஒயினை வைக்கலாம். வெறும் வறட்சி மட்டும் மிஞ்சினால் வைக்கக்கூடாது. காலம் துவர்ப்பைத்தான் குறைக்கும், இல்லாத பழத்தைக் கொண்டுவந்து சேர்க்காது. பழம் முதலில் கரைந்துபோய்த் துவர்ப்பு மட்டும் எஞ்சிய பழைய பாட்டில்கள் எத்தனையோ உண்டு.

டூரின்வாசி, உங்கள் அம்மையார் பார்த்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். 2017 கடும் வெயிலும் வறட்சியுமான ஆண்டு. பழம் முன்னாலேயே தெரியும், புளிப்பு தாழ்ந்திருக்கும். 2019-இல் புளிப்பு நிமிர்ந்து நிற்கும். துவர்ப்பு இரண்டிலும் உண்டு. அவர் துவர்ப்பை எடைபோடவில்லை, அதற்குப் பின்னால் எஞ்சி நின்றதைத்தான் எடைபோட்டார். தவிர, செர்ரலுங்காவின் மண் இன்னொரு பரோலோ கிராமமான லா மோர்ராவின் மண்ணைவிடப் பழமையானது, கடினமான ஒயினைத் தருவது. அங்கேயே வாழ்ந்தவர், அந்தச் சரிவின் ஒயின் பத்து வயதிலும் முப்பது வயதிலும் எப்படி இருந்தது என்பதை ஆண்டுதோறும் குடித்து அறிந்தவர். அந்த நினைவு நமக்கு இல்லை.

மிலானோ நிலவறை:

எல்லாம் சரி. ஆனால் இன்றைய பரோலோவுக்கு இத்தனை காத்திருப்பு தேவையா என்பதையும் சொல்லுங்கள். 1978 பரோலோவைத் திறக்கப் பல ஆண்டுகள் பொறுக்க வேண்டியிருந்தது என்பார்கள். இன்று கோடை வெப்பம் கூடிவிட்டது, தோல் நன்றாகப் பழுக்கிறது. தோலை ஊறவைக்கும் நாட்களைக் குறைத்து, 225 லிட்டர் பாரிக் பீப்பாயில் வைத்துச் சீக்கிரம் மென்மையாக்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

சியேனாக்காரன்:

பாரிக் மென்மையாக்கும் என்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். புது மரம் தன் பங்குக்கும் டானினைச் சேர்க்கிறது. முதல் சில ஆண்டுகள் வனில்லா வாசமும் வறட்டுத்தனமும் சேர்ந்து திராட்சையையே மறைத்துவிடும். பரோலோ ஊரில் தயாரிப்பாளர் பார்த்தோலோ மஸ்கரெல்லோ "பாரிக் வேண்டாம், பெர்லுஸ்கோனி வேண்டாம்" என்று தம் லேபிளிலேயே எழுதி ஒட்டினார். பெர்லுஸ்கோனி அன்றைய அரசியல்வாதி, அந்த அரசியலை விடுங்கள், பீப்பாய் விஷயத்தில் நான் முழுக்க அவர் பக்கம். ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும் பெரிய பொத்தே பீப்பாயில் கிடந்த ஒயின் இளமையில் முரடாக இருந்தாலும், அந்த முரட்டுத்தனம் திராட்சையினுடையது. வெப்பம் கூடிவிட்டது என்பது உண்மை. அதனால் இளம் பரோலோவை விழுங்க முடிகிறது, அவ்வளவுதான். விழுங்க முடிவதும் குடிப்பதற்கான பருவம் வருவதும் ஒன்றாகாது.

ஜெனோவா மாடிவீடு:

ஒருவரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். துவர்ப்பே பிரச்சினையாக இல்லாத பாட்டில் அது. 2016 பார்பரெஸ்கோ, அதுவும் நெப்பியோலோதான், நெய்வே கிராமத்தது, மரப்பெட்டியோடு வாங்கினோம். பார்பரெஸ்கோவுக்கு 26 மாதங்கள் போதும் என்பதால் 2019-லேயே கடைக்கு வந்துவிட்டது. அப்போது திறந்த பாட்டில் அத்தனை அழகு. ராஸ்ப்பெரி, ரோஜா, ஆரஞ்சுத் தோல். என் மனைவி கோப்பையைக் கீழே வைக்கவே இல்லை. அதே பெட்டியிலிருந்து பிறகொரு குளிர்காலத்தில் இன்னொன்றைத் திறந்தோம். மணமே இல்லை. கெட்டுப்போனதன் அறிகுறி எதுவும் இல்லை. கார்க் நன்றாக இருந்தது, நிறம் தெளிவாக இருந்தது. வாயில் புளிப்பும் துவர்ப்பும் மட்டும். மனைவி என்னைப் பார்த்து, "வேறு ஒயினை ஊற்றிவிட்டீர்களா?" என்று கேட்டார். மூன்றாம் நாள், மிச்சத்தைக் கொட்டப் போகும்போது முகர்ந்து பார்த்தால், ரோஜா கொஞ்சமாகத் திரும்பியிருந்தது.

நெப்பியோலோ இப்படிச் சில ஆண்டுகள் மூடிக்கொள்ளும், பிறகு திறக்கும் என்று ஆல்பா கடைக்காரர் சொன்னார். அவர் சொல்லை நம்பி மீதிப் பாட்டில்களை 2028 வரை தொடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அதே ஆண்டுப் பார்பரெஸ்கோவை அண்மையில் யாராவது திறந்திருந்தால், நெய்வே கிராமமா த்ரெய்சோ கிராமமா என்று குறிப்பிட்டு, எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.